எழுபத்திநாலு டிகிரி

அந்தப் பையை மடியில வெச்சிகினு உக்காராதீங்க சார். உள்ள லேப்டாப்தானே? மூடி வெச்சா ஆஃப் ஆயிடுச்சின்னு நெனைச்சிகினு இருக்கீங்க. ஆவல. உள்ள ஃபேன் சுத்திகினு இருக்குது, இங்க எனக்குக் கேக்குது. அந்தக் காத்து எங்க போவும்? பைக்குள்ளயேதான் சுத்தும். வெளிய எடுங்க, ஒழுங்கா ஆஃப் பண்ணுங்க. ம். இப்போ அடியில தொட்டுப் பாருங்க. சுட்டுதா? படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இத்தக்கூட யாரும் சொல்லித் தரலையா உங்களுக்கு?

ஆரணியா போறீங்க? நானும் ஆரணிதான். ஆனா டிக்கெட்டு திமிரி வரைக்கும்தான் எடுத்திருக்கேன். அது ஏன்னு இப்போ கேக்காதீங்க. கண்டக்டர் என்னைப் பாத்து சிரிச்சிகினே டிக்கெட்டு குடுத்தான், பாத்தீங்கல்ல? சிரிக்கட்டும். அவனுக்கு இன்னா தெரியும்.

என் பேரு ஏகாம்பரம். ஆற்காட்டுல சம்பந்தம் வீடியோஸ் இருக்குது இல்ல, பஸ் ஸ்டாண்டு பின்னாடி மாடியில? அங்க பதினாறு வருஷமா எடிட்டிங் நான்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, எல்லாம் எடுத்துகினு வந்து என்கிட்ட கொட்டுவாங்க. நான்தான் வெட்டி ஒட்டி, பாட்டு போட்டு, பாக்கற மாதிரி ஆக்கணும். மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சியே பாத்து பாத்து எனக்கு சலிச்சிப்போச்சு சார். எல்லா கல்யாணமும் ஒரே கல்யாணம்தான். மண்டபத்து கலர் மட்டும் மாறும்.

எனக்குப் புடிச்சது அந்த கம்ப்யூட்டர். வீடியோ இல்ல, கம்ப்யூட்டர். உள்ள பிராசசர்னு ஒண்ணு இருக்குது, மூளை மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க. மூளையும் இல்ல ஒண்ணும் இல்ல, கணக்கு போடற சில்லு, அவ்ளோதான். கம்பெனிக்காரன் இவ்ளோ வேகத்துல ஓடும்னு எழுதி அனுப்புவான். அவன் பயந்தவன். எவன் வாங்குவான், எந்த ஊர் வெயில்ல வெப்பான்னு தெரியாது இல்ல? கொறைச்சிதான் எழுதுவான். அதுக்கு மேல ஓட்டறதுக்குப் பேருதான் ஓவர்கிளாக். எங்க மிஷினு நாலு புள்ளி ரெண்டு கிகாஹெர்ட்ஸ் வேகத்துல வந்துது. நான் நாலு புள்ளி ஒம்போதுல ஓட்டினேன். ஆற்காட்டுல சார், அக்னி நட்சத்திரத்துல!

சிரிக்கறீங்க. உங்களுக்கு அது பெரிசாத் தெரியல. இந்த யூடியூப்ல பசங்க பண்றானுங்க பாருங்க, கேபினெட்டுக்குள்ள செகப்பு லைட்டு, நீல லைட்டு, தண்ணி பைப்பு, சாமி தேர் மாதிரி ஜோடிச்சிட்டு, வேகத்தை ஏத்து ஏத்துன்னு ஏத்திட்டு ஒரு போட்டோ புடிச்சிப் போட்டுடுவான். அடுத்த நிமிஷம் அது ஹேங் ஆயி தொங்கிடும். அத்தக் காட்ட மாட்டான். வேகத்தை எவன் வேணா ஏத்தலாம் சார். ஏத்தினா சூடு ஏறும். அந்தச் சூட்டை கட்டுல வெக்கறதுதான் வேலை. கம்பெனிக்காரன் நூறு டிகிரி வரைக்கும் தாங்கும்பான். நான் எழுபத்தஞ்சைத் தாண்ட விடமாட்டேன்னு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுகினேன். சில்லு சூட்டை இழுக்கற பெரிய கூலர், இந்த அளவு இருக்கும், செங்கல் சைஸ்ல, வேலூர்ல நானே போயி வாங்கியாந்தேன். கூலருக்கும் சில்லுக்கும் நடுவுல பேஸ்ட்டு தடவறது கூட எப்படின்னு இருக்குது. பட்டாணி அளவு. நடுவுல வெச்சி அமுக்கணும். மொதலாளி சம்பந்தத்துகிட்ட வுட்டா ரொட்டிக்கு ஜாம் தடவற மாதிரி தடவுவாரு.

நோட்டு ஒண்ணு போட்டேன். காலையில ரூம் சூடு எவ்ளோ, பிராசசர் சூடு எவ்ளோ, மத்தியானம் எவ்ளோ, சாயங்காலம் எவ்ளோ. தொண்ணூத்தோரு நாள் எழுதியிருக்கேன். ஒரு நாள் கூட எழுபத்தஞ்சைத் தாண்டல. அதிகபட்சம் எழுபத்திநாலு. இந்தப் பையில இருக்குது அந்த நோட்டு, வேணும்னா காட்டறேன். வேணாமா? சரி.

எப்படி முடிஞ்சுதுன்னு கேளுங்க. கேட்டாத்தானே சொல்ல முடியும். வேகத்தை ஏத்தினதும் மொத நாளு, நோட்டு போடறதுக்கு முன்னாடி, எண்பத்தெட்டு காட்டிச்சு. மொதலாளி வேற, மத்தியானம் சாப்பிடப் போனா ஏசியை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவாரு. நாங்க மனுஷங்க இல்லையா, உள்ளதானே உக்காந்திருக்கோம்? அத்தக் கேட்டா, 'ஏகாம்பரம், ஃபேன் இருக்குதுப்பா'ன்னுவாரு. அப்போ நான் இன்னா பண்ணேன், பிராசசருக்குப் போற வோல்ட்டேஜை கொறைச்சேன். கொஞ்சம் கொஞ்சமா. கொறைச்சா சூடு எறங்கும். ஒரு படி கொறைச்சி, அரை மணி நேரம் ஓட விடுவேன். நிக்கலையா? இன்னொரு படி. அப்படியே எறக்கிகினே போனா ஒரு இடத்துல தொங்கி நின்னுடும். அங்க இருந்து ஒரே ஒரு படி மேல ஏத்தி, நிறுத்திட்டேன். எழுபத்திநாலு! மிஷினு மேல கையை வெச்சா சில்லுனு இருக்கும். கேமரா ஃபைலை லேசாக்கற கன்வெர்ட்டு, நாலு மணி நேரம் ஓடறது, மூணரை மணியில முடியும். வைகாசியில இருபத்திரெண்டு முகூர்த்தம் எடுத்தோம். அந்த வேகம் இல்லைன்னா மொதலாளி பாதி கல்யாணத்தை ஐப்பசியிலதான் குடுத்திருப்பாரு. ஒரு வார்த்தை நல்லாருக்குதுன்னு சொன்னாரா? 'சத்தம் கொறைஞ்சிருக்குதுப்பா, புது ஃபேனா?'ன்னாரு. இவங்களுக்கெல்லாம் நான் உழைக்கறேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு வந்து சேந்துது. பியூலா. வாலாஜாவுல இருந்து வரும். விஸ்காம் படிச்சிருக்குதாம், இந்த சினிமா வீடியோ படிப்பு. இருபத்திநாலு வயசு. வந்த ரெண்டாவது வாரம் என் பக்கத்துல நின்னுகினு கேக்குது, 'அண்ணா, சூடு ஏறலங்கறது சரி. போடற கணக்கு சரியா போடுதான்னு எப்படித் தெரியும்?'

இன்னா கேள்வி பாருங்க. சூடு ஏறலைன்னா மிஷினு நல்லாருக்குதுன்னு அர்த்தம். ஒடம்பு சுடலைன்னா ஜுரம் இல்லைன்னு அர்த்தம். இதுக்கு விஸ்காம் வேணுமா? 'இல்லண்ணா, வோல்ட்டேஜ் பத்தலைன்னா நிக்காமயே தப்பு தப்பா பண்ணும். அரை மணி நேரம் பாத்தா பத்தாது, ஒரு நாள் முழுக்க ஓட்டி, விடை சரியான்னும் பாக்கணும்'னுது. சீசன்ல மிஷினை ஒரு நாள் முழுக்க சும்மா ஓட்டணுமாம். 'உன் வயசு எனக்கு இங்க சர்வீஸு'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சரி, பதினாறுதான். ஒரு பேச்சுக்கு சொல்றதுதானே.

இதுல ஆச்சரியம் இன்னான்னா, அதுக்கு முன்னாடியே ஒரு ஆளு எனக்கு வோல்ட்டேஜ் பாடம் நடத்திட்டுப் போயிருந்தான். லைன்மேன்! துளசிராமன்னு பேரு. கரெண்டு கம்பத்துல ஏர்றவரு. பொண்ணு கல்யாணத்துக்கு வீடியோ புக் பண்ண வந்தாரு, பங்குனி மாசம். வந்த நேரம் பாருங்க, கரெண்டு இல்ல. யூபிஎஸ் பேட்டரியும் அந்த வாரம்தான் செத்துப்போயிருந்துது. மொதலாளி கடையில இல்ல. இவரு காக்கி சட்டையோட வந்து என் எதிர்ல உக்காந்துகினாரு. நானும் இன்னா பண்றது, ஸ்கிரீனு இல்ல ஒண்ணும் இல்ல, உக்காந்திருந்தேன். 'நம்ம ஏரியா இல்ல சார் இது, இல்லைன்னா நானே போயி போட்டிருப்பேன்'ன்னு சொல்லி சிரிச்சாரு. அவரு சொன்ன ஜோக்குக்கு அவரே சிரிக்கிற ரகம்.

கொஞ்ச நேரம் கழிச்சி கரெண்டு வந்துது. டியூப்லைட்டு மினுக் மினுக்குன்னுது. உடனே இவரு தலையைத் தூக்கிப் பாத்துட்டு, 'லோ வோல்ட்டேஜ் சார், மிஷினைப் போடாதீங்க. அதிகமா வந்தா ஃபியூஸ் போயி தெரிஞ்சிடும். கொறைச்சலா வந்தாதான் ஆபத்து. ஓடற மாதிரியே இருக்கும், உள்ள தடுமாறும்'ங்கறாரு. எனக்கு! கம்பத்துல ஏர்றவரு எனக்கு! அதுக்கும் பிராசசருக்கும் இன்னா சம்பந்தம் சார்? அது எரநூத்து முப்பது வோல்ட்டு, இது ஒரு வோல்ட்டு சில்லறை. ஆனா நம்ம ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் புத்தி சொல்லுவாங்க.

கஸ்டமருங்க புத்தி எப்படி இருக்கும்னு சொல்றேன், கேளுங்க. அதே ஆளு, எழுந்திருக்கறப்போ, பக்கத்துல குனிஞ்சி மெதுவா சொல்றாரு, 'சார், தாரை வாக்கறப்போ என் மூஞ்சியை எடுக்காதீங்க. அழுதுடுவேன் சார். எனக்கு ஒரே பொண்ணு. நான் அழுதத நாளைக்குப் பாத்தா அது மனசு கஷ்டப்படும். பொண்ணை மட்டும் எடுங்க'ன்னு. வீடியோ எடுக்கச் சொல்லிட்டு மூஞ்சியை எடுக்காதேன்னா? நான் சரி சரின்னு தலையாட்டினேன். கேமராக்காரன்கிட்ட எங்க சொன்னேன். அப்பன் அழறது இல்லாத கல்யாண வீடியோ உண்டா? அதுக்குத்தானே வயலின் போட்டு வெச்சிருக்கோம்.

எந்த ஊரு இது, தாஜ்புராவா? தாண்டிடுச்சா? சரி, இன்னும் நேரம் இருக்குது.

வைகாசியில அந்த லைன்மேன் பொண்ணு கல்யாணம் நடந்துது. அடுத்த நாளே இன்னொரு முகூர்த்தம், அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. கேமராக்காரனுங்க மெமரி கார்டைக் கொண்டுவந்து போடுவானுங்க, நான் காப்பி பண்ணிட்டு உடனே திருப்பித் தரணும். அவன் அத்த அழிச்சிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடணும். எங்ககிட்ட இருந்ததே நாலு கார்டு. கார்டுல வர்றது கனமான ஃபைலு சார். அப்படியே வெச்சா டிஸ்க்கு ரொம்பிடும். அதனால கன்வெர்ட்டு பண்ணி லேசாக்கி வெச்சிகினு, ஒரிஜினலை அழிச்சிடறது. அது என் பழக்கம். பதினாறு வருஷப் பழக்கம். ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. பியூலா அதுக்கும் ஒண்ணு சொல்லிச்சு, 'அண்ணா, ஒரு மாசமாவது ஒரிஜினல் இருக்கட்டும்'னு. இருக்கட்டும்னா எங்க இருக்கும், அது வீட்டு பீரோவுலயா?

கல்யாணம் ஆன பதினெட்டாவது நாளு அந்த துளசிராமன் செத்துப்போயிட்டாரு.

கம்பத்துல இருந்து விழல. சாப்பிட்டுட்டு கை கழுவப் போனவரு அப்படியே சாஞ்சிட்டாராம், மாரடைப்பு. அம்பத்தேழு வயசு. ரிட்டையர் ஆக மூணு வருஷம்தான் பாக்கின்னாங்க. பொண்ணு, மேகலான்னு பேரு, ஆரணியில புகுந்த வீட்டுல இருக்குது. காரியமெல்லாம் முடிஞ்சி எனக்கு போன் பண்ணுது. 'அங்கிள், முழு வீடியோ அப்புறம் குடுங்க, அவசரமில்ல. தாரை வாத்தது மட்டும் சீக்கிரம் குடுக்க முடியுமா? அன்னிக்கு நான் தலையைக் குனிஞ்சிகினே இருந்தேன் அங்கிள். அப்பாவைப் பாக்கவே இல்ல'ன்னுச்சு.

திறந்து பாத்தேன். பச்சை சார். பச்சைப் பச்சையா கட்டம். பாதி ஸ்கிரீனு பச்சை, மீதி கிழிஞ்ச மாதிரி இழுத்துகினு. ஐயர் குரலு விட்டு விட்டு வருது. முன்னாடி சரியா இருக்குது, காப்பு கட்டறது, மாலை மாத்தறது எல்லாம். பின்னாடி தாலி கட்டறதும் சரியா இருக்குது. நடுவுல பதினோரு நிமிஷம். அந்த பதினோரு நிமிஷம் மட்டும் நாசம்.

ஒரிஜினல்? அதான் அழிச்சாச்சே. கார்டு? அதுல அதுக்கப்புறம் அஞ்சு கல்யாணம் எடுத்தாச்சு.

நான் சொல்றேன் சார், அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மொதலாளி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கேபினெட்டுக்கு சந்தனம் குங்குமம் வெச்சி, ரெண்டு முழம் மல்லிப்பூவை காத்து போற ஓட்டை மேலயே தொங்கவிட்டு, சாம்பிராணி புகை போடுவாரு. புகை அத்தனையும் ஃபேன் உள்ள இழுக்கும். எவ்வளவு தடவை சொல்லியிருப்பேன்! உடனே கூலரைக் கழட்டினேன். கரி அப்பிகினு இருக்கும்னு மொதலாளியையும் கூப்பிட்டு நிக்க வெச்சி, அவரு கண்ணு முன்னாடி கழட்டினேன். சுத்தமா இருந்துது. பளபளன்னு. மொதலாளி, 'நல்லாத்தானேப்பா வெச்சிருக்க'ன்னாரு. அந்த மனுஷன் பதினாறு வருஷத்துல என்னைப் பாராட்டினது அது ஒரு தடவைதான், அதுவும் நேரம் கெட்ட நேரத்துல.

கார்டு மட்டமான கார்டா இருக்கலாம். கேமராவுல கோளாறு இருக்கலாம். அந்தப் பியூலா பக்கத்து ஸ்விட்சுல செல்போன் சார்ஜு போடும், அதனால இருக்கலாம். நோட்டைப் பாத்தேன். அன்னிக்கு மத்தியானம் கன்வெர்ட்டு ஓடற நேரம், எழுபத்திநாலு. எழுதியிருக்குது. என் கையெழுத்து. அப்போ சூடு காரணம் இல்லைன்னு ஆயிடுச்சு இல்ல? சூடு இல்லைன்னா நான் இல்ல. அவ்ளோதான்.

பியூலா 'அப்பவே சொன்னேனேண்ணா'ன்னு சொல்லிக் காட்டல. அதான் எனக்கு எரிச்சல். திட்டிட்டாவது போவலாம் இல்ல? ஒரு ஞாயித்துக்கிழமை தனியா வந்து உக்காந்து, வேற ஒரு கல்யாணத்துல சின்ன ஃபைலா ஒண்ணை எடுத்து, என் செட்டிங்குல பத்து தடவை கன்வெர்ட்டு பண்ணியிருக்குது. கம்பெனி செட்டிங்குல பத்து தடவை. திங்கக்கிழமை என்கிட்ட காட்டுது. என்னுதுல மூணு தடவை பச்சை. கம்பெனியுதுல ஒண்ணு கூட இல்ல. நான் சொன்னேன், 'பத்துல ஏழு நல்லாத்தானே வந்திருக்குது'ன்னேன். என்னைப் பாத்துது சார். ஒரு பார்வை. பரிட்சையில ஃபெயிலான புள்ளையைப் பாக்கற பார்வை. எனக்கு அம்பது வயசு.

இப்போ மிஷினு நாலு புள்ளி ரெண்டுலதான் ஓடுது. நானே மாத்திட்டேன். அது சொன்னதுக்காக இல்ல. சீசன் முடிஞ்சிபோச்சு, அவ்ளோ வேகம் எதுக்கு? ஒரிஜினலை அழிக்கறதையும் நிறுத்திட்டேன். மொதலாளி புது டிஸ்க்கு வாங்கித் தந்தாரு, சும்மா இருக்குதேன்னுதான்.

அதோட விட்டுதா அந்தப் பியூலா? மண்டபத்துக்கு வந்தவங்க யாரு யாருன்னு கண்டுபுடிச்சி, ஒவ்வொருத்தரா போன் பண்ணி, செல்போன்ல எடுத்தது எதுனா இருக்குதான்னு கேட்டு வாங்கியிருக்குது. பஸ் ஏறி வீடு வீடாப் போயிருக்குது. ரெண்டு மாசம். யாரு சொன்னது? யாரும் சொல்லல. அத்தையெல்லாம் சேத்து ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு ஒப்பேத்தியிருக்குது. இதோ, இந்த பென் டிரைவுல இருக்குது. நான் பாத்தேன். ஒரே ஆட்டம். பாதி நிக்க வெச்சி எடுத்தது, பாதி படுக்க வெச்சி எடுத்தது. ஒண்ணுல எவனோ கட்டை விரலை லென்ஸு மேல வெச்சிகினு எடுத்திருக்கான். கலர் ஒண்ணுக்கொண்ணு சேரல. எடிட்டிங்கா அது? இருபது முப்பது தடவை போட்டுப் பாத்தேன் சார், இன்னா தப்பு இருக்குதுன்னு பாக்கறதுக்கு.

அதுல துளசிராமன் முதுகு இருக்குது. தாம்பாளத்துல தண்ணி ஊத்தற கை இருக்குது. மூஞ்சி மட்டும் இல்ல. செல்போன் வெச்சிருந்தவன் அத்தனை பேரும் பொண்ணைத்தானே எடுத்தானுங்க.

இத்த மேகலாகிட்ட கொண்டுபோயி குடுக்கணும். பியூலா போறேன்னுது. நான்தான் வேணாம்னேன். பதினாறு வருஷமா எடிட்டரு நான், நான் குடுக்கறதுதான் மொறைன்னேன். மொதலாளி கூட, 'ஏகாம்பரம், போன்லயே சொல்லிட்டு கூரியர்ல அனுப்பிடேன்பா'ன்னாரு. கூரியராம்! வெக்கமா இல்லையா அந்த மனுஷனுக்கு? போன வாரம் கெளம்பினேன். திமிரியில எறங்கி, ஒரு டீ குடிச்சிட்டு, திரும்பிட்டேன். வெயிலு அப்படி. முந்தாநாளும் கெளம்பினேன். அன்னிக்கும் திமிரி வரைக்கும்தான் வந்தேன். அன்னிக்கு மழை. இதே கண்டக்டர்தான். அதான் சிரிக்கறான்.

பயமா? எனக்கா? பச்சைக் கட்டம் விழுந்ததுக்கு மேகலா என்னைத் திட்டினா வாங்கிகினு வந்துடுவேன் சார். எங்க தொழில்ல திட்டு வாங்காத எடிட்டர் கிடையாது. ஆனா அது திட்டல. கெட்டுப்போச்சும்மான்னு போன்ல சொன்னதுக்கு, அழல கூட. அப்புறம் கேட்டுது, 'பரவால்ல அங்கிள். ஆனா நீங்க பாத்திருப்பீங்க இல்ல? கம்ப்யூட்டர்ல ஏத்தறப்போ ஓடியிருக்கும் இல்ல? அப்பா எப்படி இருந்தாருன்னு வாயால சொல்லுங்க, போதும்'னுது. நேர்ல வந்து சொல்றேம்மான்னு வெச்சிட்டேன்.

இன்னா கேட்டீங்க? பாத்தேனாவா?

கன்வெர்ட்டு ஓடறப்போ ஓரமா சின்னதா படம் ஓடும் சார். ஓடிச்சு. என் கண்ணு எதிர்லதான் ஓடிச்சு. பதினோரு நிமிஷமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. ஆனா மேல மூலையில டிகிரி காட்டும் இல்ல? அன்னிக்கு அக்னி நட்சத்திரம், ரூமு நாப்பது, மொதலாளி ஏசியை அமத்திட்டுப் போயிட்டாரு. எழுபத்தி மூணு, எழுபத்திநாலு, எழுபத்தி மூணுன்னு ஆடுது. எழுபத்தஞ்சு வந்துடப்போவுதுன்னு அத்தையே பாத்துகினு இருந்தேன். படம் நல்லா ஓடிச்சா, அப்பவே பச்சையா ஓடிச்சா, அதுகூடத் தெரியல எனக்கு. உலகத்துலயே அத்தப் பாத்திருக்கக்கூடிய ஒரே ஆளு நான். பாக்கல சார்.

சிரிச்சாரும்மான்னு சொல்லிடலாம். எனக்குத் தெரியாதா அது? எல்லா அப்பனும் ஒரே மாதிரிதானே நிப்பான், ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன், ஒருத்தன் மூஞ்சியை எடுத்து இன்னொருத்தனுக்கு வெச்சிச் சொன்னா யாருக்குத் தெரியும். அத்த பியூலாகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். 'பொய் மட்டும் சொல்லிடாதீங்கண்ணா'ன்னுது. சொல்லிட்டு, இன்னிக்குக் காலையில டிபன் பாக்ஸுல எனக்கும் சேத்து இட்லி எடுத்துகினு வந்துது, போறவழியில சாப்பிடுங்கன்னு. நான் கேட்டேனா அத்த?

திமிரி வந்துடுச்சு. அதோ கண்டக்டர் என்னைத்தான் பாக்கறான்.

சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்படியும் ஆரணிதானே போறீங்க? இந்த பென் டிரைவை குடுத்துடறீங்களா? கோட்டை மைதானம் பக்கத்துலதான் வீடு, அட்ரஸ் கவர் மேல எழுதியிருக்குது. யாரு குடுத்ததுன்னு கேட்டா பியூலான்னு சொல்லுங்க. பண்ணது அதுதான். நல்லாத்தான் பண்ணியிருக்குது. வேற எதுனா கேட்டா, எனக்குத் தெரியாதும்மா, நான் பஸ்ல வந்தவன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான். ஏன் சார், புடிங்க.

இன்னா? எது?

அந்த லைன்மேன் சொன்னதா? மூஞ்சியை எடுக்காதேன்னு சொன்னதா? அது இன்னா பெரிய விஷயம் சார். அது கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி, கடையில வந்து பேசினது. அந்தப் பொண்ணு கேக்கறது தாரை வாத்தப்போ எப்படி இருந்தாருன்னு. இது வேற, அது வேற. அழுதுடுவேன்னு சொன்னாரு. ஒரே பொண்ணுன்னு சொன்னாரு. சொல்றப்போ அவரு கண்ணு... சிரிச்சிகினேதான் சொன்னாரு, ஆனா கண்ணு ரெண்டும் அப்பவே கலங்கிடுச்சு. காக்கி சட்டைக் கையால தொடைச்சிகினு, ஏதோ தூசுன்னாரு. இடது பக்கம் பாக்கெட்டுல டெஸ்டரு சொருவியிருந்துது. மீசையில ஒரே ஒரு பக்கம் வெள்ளை. போறப்போ படியில நின்னு, திரும்பி, 'மறந்துடாதீங்க சார்'ன்னாரு.

இத்தனை எப்படி ஞாபகம் இருக்குதுன்னு எனக்கே தெரியல. நான் கஸ்டமர் மூஞ்சியைப் பாக்கற ஆளே இல்ல.

இரு கண்டக்டர், கத்தாத. நான் எறங்கல. ஆரணி ஒண்ணு குடு. ஆமா, ஆரணிதான். சிரிக்காத, ஒழுங்கா டிக்கெட்டைக் குடு.

அன்னிக்கு கரெண்டு இல்ல சார். அதான். ஸ்கிரீனு செத்துக் கெடந்துது. பாக்கறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்ல, அதனால அவரைப் பாத்துகினு இருந்தேன்.